கராஜில் செய்த ஈட்டித் துப்பாக்கியும் கயிறு பிடித்த மச்சினனும்

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் கார் வெளியே பனியில்தான் நின்றது. கராஜுக்குள் அதன் இடத்தில் ஒரு கறுப்புக் குழாய் படுத்திருந்தது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம், ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூட விட்டம், எடை கால் கிலோவுக்கும் கீழே. காலையில் காரின் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டும்போதெல்லாம் என் மனைவி கேட்பாள், "அந்தக் குழாய்க்குக் குளிருமா?"

குளிரத்தான் செய்தது. எபாக்சி பிசின் சில்லென்ற இடத்தில் இறுகாது. அதற்கு நான் செய்த ஏற்பாட்டைப் பார்த்திருந்தால் எங்கள் ஊரில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். நான் நாமக்கல் பக்கம். கோழிக்குஞ்சு வந்து இறங்கினால் அட்டைத் தடுப்பு வைத்து, மேலே பல்பு கட்டி, உள்ளே சூடு சரியாக இருக்கிறதா என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்ப்பார் அப்பா. நானும் அதையேதான் செய்தேன். டிவி வந்த அட்டைப்பெட்டி, உள்ளே ஒரு ஹீட் லாம்ப், ஒரு தெர்மாமீட்டர். குஞ்சுக்குப் பதில் கார்பன் ஃபைபர் குழாய்.

எடிசனில் இருந்துகொண்டு பல்பு வெளிச்சத்தில் கார்பன் ஃபைபரை வேகவைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓக் ட்ரீ ரோட்டுக்குத் தோசை சாப்பிட வருகிற நம்மில் பலர் கிறிஸ்டி தெருவிலுள்ள அந்தக் கான்கிரீட் கோபுரத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். 1879 அக்டோபரில் தாமஸ் எடிசனின் ஆட்கள் மென்லோ பார்க் கூடத்தில் பருத்தி நூலைக் கரியாக்கி, கண்ணாடிக் குமிழுக்குள் வைத்துப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டது அந்த இடத்தில்தான். மறுவருஷம் ஜப்பானிலிருந்து, கியோட்டோ பக்கத்து மூங்கிலைக் கொண்டுவந்து கரியாக்கிப் பார்த்தார்கள். அது ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டியது. கரி இழை என்பதுதானே கார்பன் ஃபைபர்? அந்த இழைக்குப் பலம் கிடையாது, தொட்டால் உடையும். பலமான இழை 1958-க்குப் பிறகு ஒஹாயோவிலும் ஜப்பானிலும் இங்கிலாந்திலுமாக வந்தது. ஆனாலும் வம்சாவளி இங்கே தொடுகிறது. ராரிட்டன் டவுன்ஷிப் என்று இருந்த ஊருக்கு 1954-ல்தான் எடிசன் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, ஐடி வேலை பார்க்கிறவனுக்கு ஈட்டித் துப்பாக்கி எதற்கு? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மெக்கானிக்கல். கேம்பஸில் ஐடி கம்பெனி வந்தது, போய்விட்டேன். பதினான்கு வருஷமாக நான் எழுதிய எதையும் கையில் தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு கிளவுடிலிருந்து இன்னொரு கிளவுடுக்கு மாற்றுகிறோம், மூன்று வருஷம் கழித்துத் திரும்பவும் மாற்றுகிறோம். ஒரு கோடையில் ஜெர்சி கரையில், பாறை ஜெட்டியிலிருந்து ஒருவர் கறுப்பு ரப்பர் உடையோடு தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். ஒரு கையில் ஈட்டித் துப்பாக்கி, இன்னொரு கையில் ஒரு பெரிய கறுத்த மீன். சிலிண்டர் கிடையாது, மூச்சடக்கிப் போய்ப் பிடித்த மீன். துப்பாக்கியைக் காட்டி "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். "நானே செய்தேன்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பெரிய கவண் மாதிரிதான். குழாயின் முன்முனையில் ரப்பர் பட்டைகள், பின்முனையில் கைப்பிடியும் விசையும், மேலே ஏழு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு ஈட்டி. ரப்பரை இழுத்து ஈட்டியின் வெட்டில் மாட்டினால் அந்த இழுவை முழுவதும் குழாயை நீளவாக்கில் அமுக்கும். ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோ தாண்டுகிறதா என்று பார்க்க எல்லோர் வீட்டிலும் ஒரு கொக்கித் தராசு இருக்குமே, அதில் ஒரு பட்டையை மாட்டி இழுத்துப் பார்த்தேன். 40 கிலோவைத் தாண்டியது. இரண்டு பட்டை போட்டால், ஒரு ஆள் குழாயின் தலையில் ஏறி உட்கார்ந்த மாதிரி. குழாய் மயிரிழை வளைந்தாலும் ஈட்டி மேலேயோ கீழேயோ போகும். எஸ்.ஓ.எம். பேப்பரில் ஆய்லர் சூத்திரத்தை மனப்பாடம் செய்து, எழுதி, அரியரும் வைத்தவன் நான். அது எதற்கு என்று கராஜில்தான் புரிந்தது.

கார்பன் ஏன் என்றால், அதே எடைக்கு அலுமினியத்தைவிட விறைப்பு அதிகம். இழையை நீளவாக்கில் போட்டால் வளையாது. சாய்வாகப் பின்னிய உறையை மேலே இழுத்து விட்டால் முறுகாது, பிளக்காது. இரண்டும் வேண்டும். அச்சுக்கு ஒரு அங்குல அலுமினியக் குழாய், அதன்மேல் மெழுகு. முதல் குழாய் அச்சோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. ஒரு வாரக் கூலியும் பிசினும் குப்பைக்குப் போனது. இரண்டாவது குழாயைச் சூட்டுப்பெட்டியிலிருந்து எடுத்து, ராத்திரி முழுக்க வெளியே பனியில் புதைத்து வைத்தேன். அலுமினியம் குளிரில் சுருங்கும், கார்பன் ஏறக்குறைய சுருங்காது. காலையில் ஒரு திருகு, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஜனவரி மாதத்தால் எனக்கு ஆன ஒரே பிரயோஜனம் அது.

பிறகு குழாயின் இரண்டு முனையையும் நாற்காலிகளில் வைத்து, நடுவில் இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். மூன்று மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. மகள் கைதட்டினாள்.

விசைப் பெட்டியை மட்டும் கடையில் வாங்கினேன். அதைச் செய்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 80 கிலோ இழுவையைத் தாங்கி நிற்பது அந்த ஒரு சின்னப் பல்தான். கார்பனைத் தேய்க்கும்போது நல்ல முகமூடியும் கையுறையும் வேண்டும். தூள் நுரையீரலுக்கு ஆகாது. சட்டைக்குள் போனால் இரண்டு நாள் அரிக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கடைத் துப்பாக்கியைவிட எனக்குச் செலவு அதிகம். அந்தக் கணக்கு வீட்டில் யாருக்கும் தெரியாது, இப்போது தெரிந்துவிடும்.

அப்பாவிடம் வீடியோ காலில் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டா, தேக்குல செஞ்சிருந்தா தண்ணி ஒண்ணும் பண்ணாதே?" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு தேடிப் பார்த்தால், அமெரிக்காவில் கையால் ஈட்டித் துப்பாக்கி செய்கிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த மரமே தேக்குதான்! அதிலுள்ள எண்ணெய்க்குத் தண்ணீர் ஏறாது. அப்பா சொன்னது சரி. இன்னொரு கேள்வியும் கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. "கிணத்துல நீந்துனவன் நீ. கடல்ல மூச்சடக்க யார்றா கத்துக்குடுத்தா?"

ஜூனில் முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கினேன். நான் செய்த 110 சென்டிமீட்டர் துப்பாக்கி, மத்தியதரைக் கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் நீந்துகிறவர்களின் ஆலோசனையைப் படித்துச் செய்தது. அங்கே தண்ணீர் கண்ணாடி. ஜெர்சி தண்ணீர் கீரைக் கடைசல். அன்று எனக்குத் தெரிந்தது இரண்டு மீட்டர். கையை நீட்டினால் துப்பாக்கியின் நுனியே மங்கலாகத்தான் தெரிந்தது. ஐந்து மாதம் வேலை பார்த்து, என் கண் எட்டாத தூரத்துக்கு ஒரு கருவி செய்திருக்கிறேன். ஆபீஸில் ஜூனியர் பையன்களிடம் ரிக்வயர்மென்ட்டைச் சரியாகக் கேட்டாயா என்று பாடம் எடுப்பவன் நான்.

அறுத்தேன். 110-ஐ 75 ஆக்கினேன். வெட்டிய துண்டு மகளுக்கு டெலஸ்கோப். புதிய அளவு ஜெட்டிப் பாறைகளுக்குள் திருப்பத் தோதாக இருந்தது. ஆனால் ஆகஸ்டில் இன்னொரு தவறு தெரிந்தது. முன்முனையில் நான் வைத்த அலுமினியப் பூண் கார்பனைத் தொடும் இடத்தில் வெள்ளைத் தூளாக உதிர ஆரம்பித்தது. உப்புத் தண்ணீரில் கார்பனும் அலுமினியமும் ஒட்டி உட்கார்ந்தால் அது ஒரு பேட்டரி, அலுமினியம்தான் கரையும். நடுவே ஒரு சுற்று கண்ணாடி இழை போட்டிருந்தால் போதும். அடுத்த பூணுக்குப் போட்டேன்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய தவறுகள். அடுத்து நடந்தது அப்படியில்லை.

என் மனைவி தூத்துக்குடி. அவளுடைய தம்பி பிஸ்கட்டவேயில் இருக்கிறான், அவனும் ஐடிதான். துப்பாக்கி முடிந்த அன்றைக்கே அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: "என் தம்பி கூட வராம நீங்க தண்ணில இறங்கக் கூடாது." காரணத்தையும் சொன்னாள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றோடு குதிப்பார், படகில் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பார். அது மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பார்களாம். தன் தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கவனம் சிதறாது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். இவள் பாட்டி சொல்லிக் கேட்டது. எனக்கு அது நல்ல கதையாகப்பட்டது, அவ்வளவுதான். அவனை அழைத்துக்கொண்டு போனேன், ஆனால் துணையாக அல்ல, பார்வையாளனாக. நான் பாட்டுக்கு முங்குவேன், அவன் பாட்டுக்கு மிதப்பான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. தண்ணீர் இதமாக இருந்தது, நாலு மீட்டர் வரை தெரிந்தது. இருபது அடி ஆழத்தில் ஒரு பாறை இடுக்கு. அதற்குள் டாட்டாக் என்கிற மீன், இங்கத்து ஆட்கள் பிளாக்ஃபிஷ் என்பார்கள். நண்டும் மட்டியும் நொறுக்கித் தின்பதால் பல் மனுஷப் பல் மாதிரி இருக்கும். தலையைக் காட்டிவிட்டு உள்ளே போகும், மறுபடி காட்டும். ஒவ்வொரு தடவையும் நான் மேலே வந்து, வேகவேகமாக நாலைந்து பெருமூச்சு இழுத்துவிட்டு, உடனே இறங்கினேன். அப்படிச் செய்தால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று எங்கேயோ பார்த்தது மனதில் இருந்தது.

தாக்குப்பிடிக்கத்தான் முடிந்தது. மூச்சு முட்டவே இல்லை. அதுதான் ஆபத்து என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பு, ஆக்சிஜன் குறைவதால் வருவதல்ல, கரியமில வாயு சேர்வதால் வருவது. பெருமூச்சு விட்டு விட்டு அந்த வாயுவை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் அபாய மணி அடிக்காது, ஆனால் ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே போகும். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் இருக்கும்வரை உள்ள ஆக்சிஜன் மூளைக்கு எட்டும். மேலே வரவர அழுத்தம் குறையும், எட்டியதும் எட்டாமல் போகும். அதனால்தான் இந்த மயக்கம் அடியில் வருவதில்லை. கடைசிச் சில அடிகளில், இல்லையென்றால் தலை வெளியே வந்த பிறகு வருகிறது.

எனக்கு நினைவிருப்பது மேலே வெளிச்சம் தெரிந்ததுவரை. அடுத்த நினைவு, மச்சினன் என் தாடையைப் பிடித்துத் தூக்கி, முகக் கண்ணாடியைக் கழற்றி, காதருகே கத்திக்கொண்டிருந்தது. "அத்தான், மூச்சு விடுங்க! அத்தான், மூச்சு!" நடுவில் சில நொடிகள் என்னிடம் இல்லை. நான் மேலே வந்து, ஒரு தடவை தலையை ஆட்டி, மறுபடி தண்ணீருக்குள் சரிந்தேன் என்றான் அவன். துப்பாக்கி பக்கத்தில் மிதந்துகொண்டிருந்ததாம். குழாய்க்குள் காற்றை அடைத்து, ஈட்டி போனபிறகு மிதக்கும்படி நான் கணக்குப் போட்டிருந்தேன், தற்செயலாக விசையை அமுக்கியிருக்கிறேன் போல. என் கணக்கு சரியாக வேலை செய்திருக்கிறது. துப்பாக்கி மிதந்தது, நான்தான் மிதக்கவில்லை.

அவன் அன்று வேறு பக்கம் நீந்திக்கொண்டிருக்க வேண்டியவன். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே, அத்தான் சுடுவதைப் பார்க்கலாம் என்று என் தலைக்கு நேர் மேலே வந்தானாம். அவ்வளவுதான் காரணம்.

வீட்டுக்கு வரும் வழியில், பார்க்வேயில் நாங்கள் இரண்டுபேரும் பேசவில்லை. எக்ஸிட் வந்ததும் அவன்தான் கேட்டான், "அக்காட்ட சொல்லணுமா?" சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தம்பியைப் பார்த்து "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இதை நான் இங்கே எழுதுவது ஒரே காரணத்துக்காக. ஒவ்வொரு கோடையிலும், ஏரியிலோ அருவியிலோ கடலிலோ நம் பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படிக்கிறோம். நீச்சல் தெரியாததால் என்று முடித்துவிடுகிறோம். எனக்கு நீச்சல் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது வேறு. எஞ்சினியருக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் பொருள் வாங்குவோம், இல்லை பொருள் செய்வோம். ஒன்பது மில்லிமீட்டர் எதற்கு, ஏழு போதும் என்று ஈட்டி கனத்துக்கு மூன்று வாரம் யோசித்த நான், மூச்சடக்குவதைப் பற்றி முறையாக மூன்று மணி நேரம் படிக்கவில்லை.

அக்டோபரில் நானும் அவனும் ஒரு ஃப்ரீடைவிங் வகுப்பில் சேர்ந்தோம். ஒரு சனி, ஒரு ஞாயிறு. அங்கே கற்றுக்கொடுத்ததில் பாதி, மயங்கியவரை எப்படித் தூக்குவது என்பதுதான். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே, கண் எடுக்காமல். வந்தவர் மூன்று நல்ல மூச்சு எடுக்கும்வரை பக்கத்தில். அதற்குப் பிறகும் அரை நிமிஷம் அவரையே பார்க்க வேண்டும். கீழே இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வு. பெருமூச்சு கூடாது. ஒருவர்தான் துப்பாக்கி பிடிப்பார், இன்னொருவர் சும்மா இருப்பார். பாறை மேலே கொடி மிதக்கும் மிதவை, அதிலிருந்து ஒரு கயிறு. கயிற்றைப் பார்த்ததும் மச்சினன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மறுவருஷம் அதே ஜெட்டி. உப்புத் தண்ணீரில் மீன்பிடிக்க நியூ ஜெர்சியில் கட்டணம் கிடையாது, இணையத்தில் பெயர் பதிந்தால் போதும். ஆனால் அளவுக் கட்டுப்பாடு உண்டு. ஸ்ட்ரைப்டு பாஸ் மீனை 2023 முதல் 28-லிருந்து 31 அங்குலத்துக்குள் இருந்தால்தான் எடுக்கலாம். தூண்டில்காரர் அளந்து பார்த்துத் திரும்ப விடலாம். ஈட்டி பட்ட மீனை எங்கே விடுவது? போதாததற்கு, முகக் கண்ணாடி வழியாகத் தண்ணீரில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 24 அங்குல மீன் 32 மாதிரி நிற்கும். அந்த மூன்று அங்குல இடைவெளியை நம்பிச் சுடும் தைரியம் எனக்கில்லை, அதனால் பாஸ் எதிரே வந்து நின்றாலும் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். டாட்டாக் குறைந்தபட்சம் 15 அங்குலம் வேண்டும். கோடையில் ஒரு ஆளுக்கு ஒன்றுதான். மெதுவாக வளரும் மீன், முப்பது வருஷம்கூட இருக்கும் என்பதால் அந்த ஒன்றையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கியின் குழாயில் வெள்ளைப் பெயின்டில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், இடையே 15 அங்குலம். மீனுக்குப் பக்கத்தில் பிடித்தால் குழாயும் அதே அளவு பெரிதாகத் தெரியும், ஏமாற்ற முடியாது. ஐந்து மாதம் செய்த வேலையில் உருப்படியான அம்சம் அந்தப் பெயின்ட் கோடுதான் என்று நினைக்கிறேன்.

இலங்கைத் தமிழ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறைக்குத் திருகோணமலை பக்கம் போகும்போது இதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அங்கே ஈட்டித் துப்பாக்கி மீன்பிடிப்புக்குத் தடை இருக்கிறது. பவளப்பாறையில் ஒரே இடத்தில் நிற்கிற பெரிய மீன்களுக்கு இந்தக் கருவி எமன், அதனால் அந்தத் தடையை என்னால் குறைசொல்ல முடியவில்லை. எறிஉளி என்ற சொல் குறுந்தொகையிலேயே இருக்கிறது என்று பெருமை பேசலாம். ஆனால் அந்தக் காலத்துப் பரதவர் படகில் நின்று எறிந்தார், நாம் மீனின் வாசலுக்கே போய் நிற்கிறோம்.

ஜூலைக் கடைசியில் காத்திருந்து, ஆகஸ்டில் சீசன் திறந்த முதல் ஞாயிறு ஒரு டாட்டாக் கிடைத்தது. பதினேழு அங்குலம். மூன்றாவது முறை இறங்கியபோது கிடைத்தது. முதல் இரண்டிலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னது வந்து நின்றது, விட்டுவிட்டேன். மாமியார் இந்தியாவிலிருந்து வந்திருந்தார். வெள்ளைச் சதை, முள் கம்மி, "நம்ம ஊரு விளமீன் மாதிரி இருக்கு மாப்ள" என்று சொல்லி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தார். மகள் தலையைத் தட்டில் வைத்துக்கொண்டு பல்லை எண்ணினாள்.

இந்த வாரம் கடல் அமைதி, காற்றும் இல்லை. ஆனால் சனிக்கிழமை மச்சினனுக்கு ஒரு இன்டர்வியூ. ஞாயிறு மழை என்கிறார்கள். துப்பாக்கி கராஜில் ஆணியில் தொங்குகிறது, காரை உள்ளே விட்டிருக்கிறேன்.